மூன்று ஏக்கர் மாந்தோப்புக்கு ரைடிங் மோவர் தேவையா?

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கம் மூன்று ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சென்னையில் வேலை, சனி ஞாயிறுதான் ஊருக்கு வருகிறார். தோப்பு ஓரம் தென்னை, உள்ளே சொட்டுநீர் போட்டிருக்கிறது. மழைக்கு அப்புறம் புல் இடுப்பளவு நிற்கிறது, வெட்ட ஆள் இல்லை. அமெரிக்கக் காணொளிகளில் வருகிற மாதிரி உட்கார்ந்து ஓட்டும் ரைடிங் மோவர் வாங்கலாமா, தோளில் மாட்டிப் புல் வெட்டும் பிரஷ் கட்டரே போதுமா, போதுமென்றால் இன்ஜின் டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று கேட்கிறார். ‘நாலு ஆட்டை விடு’ என்கிறாராம் அப்பா. கூடவே இன்னொன்று: கவாத்து செய்த மாங்கிளையை எரிக்கலாம் என்று வாங்கிய கையடக்க விறகடுப்பு ஓயாமல் புகைகிறது, அடுப்பில் கோளாறா?

ரைடிங் மோவர் வேண்டாம். அது மோசமான வண்டி என்று சொல்லவில்லை, அது புல்தரைக்குச் செய்த வண்டி, உங்களுடையது தோப்பு. வண்டியின் அடியில் டெக் என்று ஒரு தகரக் கவசம் இருக்கும், அதற்குள் பெல்ட்டில் ஓடும் பிளேடுகள். தரையிலிருந்து ஒன்றிலிருந்து நான்கு அங்குலம் வரை விட்டு வெட்டும். வாரா வாரம் வெட்டும் சமதளமான தரையில் அழகாக ஓடும். இடுப்பளவு புல்லுக்குள் விட்டால் டெக் அடைத்துக்கொண்டு பெல்ட் வழுக்கும், கருகும். புல்லுக்குள் மறைந்திருக்கும் தென்னை அடிக்கட்டையிலோ கல்லிலோ பிளேடு ஒரு தடவை மோதினால் அதைத் தாங்கும் ஸ்பிண்டில் வளையும், அதற்கான பாகத்தை வேலூரில் கடை கடையாகத் தேட வேண்டியிருக்கும். வரப்பு ஏறி இறங்காது. 15 டிகிரிக்கு மேல் சரிவில் ஓட்டாதே என்று பெரும்பாலான கம்பெனிகளின் கையேட்டிலேயே இருக்கிறது, உங்கள் பக்கம் மலையடிவார நிலம் வேறு. வேலியோரம் சீமைக்கருவேல முள் உதிர்ந்து கிடக்கும், மோவர் டயர் அதற்குத் தாங்காது. இத்தனைக்கும் விலை லட்சக்கணக்கில். கல்லூரி மைதானத்துக்கோ ஏலகிரியில் ரிசார்ட் புல்தரைக்கோ கேட்டிருந்தால் வாங்குங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். நம் பக்கம் புல் வளர்வது ஆடி, ஆவணி மழையில் தொடங்கி தை வரைக்கும்தான். அப்புறம் பங்குனி, சித்திரை வெயிலில் தானே காய்ந்துவிடும். ஆக எந்த மிஷின் வாங்கினாலும் வருஷத்தில் பாதி நாள் கொட்டகையில் சும்மா நிற்கப் போகிறது. என்னிடம் பழுதுக்கு வரும் பிரஷ் கட்டர்களில் ஓடித் தேய்ந்தவை குறைவு, நின்று கெட்டவைதான் அதிகம்.

அதனால் என் யோசனை இப்படி: மர வரிசைகளுக்கு நடுவே இருக்கும் அகலமான இடத்துக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை டிராக்டரை வாடகைக்குக் கூப்பிட்டு ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) ஓட்டிவிடுங்கள், ஆழம் வேண்டாம், மேலாகப் போதும், மா வேரை அறுக்கக் கூடாது. வாடகைக்கு அரசின் வேளாண் பொறியியல் துறையிலும் கேட்கலாம், தமிழக அரசின் உழவன் செயலியில் பதிவு செய்ய வழி இருக்கிறது. மரத்தடி, வரப்பு, வேலியோரம், சொட்டுநீர்க் குழாய் ஓரம், இதற்கெல்லாம் ஒரு பிரஷ் கட்டர். ஆடு விடுவதும் நல்ல யோசனைதான், காய்ப்புக்கு வந்த உயரமான மரங்களாக இருந்தால். இளங்கன்று நிற்கிற தோப்பில் ஆடு புல்லை விட்டுவிட்டு முதலில் கன்றின் கொழுந்தைத்தான் கடிக்கும். வாரம் முழுக்க ஆட்டைப் பார்க்க அங்கே ஆளும் வேண்டும்.

டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்றால், உங்களுக்கு ஃபோர் ஸ்ட்ரோக், 35 சிசி. டூ ஸ்ட்ரோக் எடை குறைவு, விலையும் குறைவு, ஆனால் பெட்ரோலில் ஆயில் கலந்தே ஊற்ற வேண்டும். 50:1 என்று கையேட்டில் இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. நீங்கள் சென்னையில் இருக்கும்போது ஊரில் யாராவது வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டால் அன்றைக்கே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சைலன்சரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தால் பிஸ்டன் மேல் நகத்தால் கீறிய மாதிரி நெட்டு நெட்டாகக் கோடு தெரியும், அதைப் பார்த்தாலே ஆயில் இல்லாமல் ஓடிய மிஷின் என்று தெரிந்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இந்தத் தொல்லை கிடையாது. ஆயில் தனியாக, சுமார் 100 மில்லிதான் பிடிக்கும். முதல் 10 மணி நேரம் ஓடியதும் ஒரு தடவை மாற்றுங்கள், பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை. கொஞ்சம்தானே என்று கழுத்துவரை ஊற்றினால் வெள்ளைப் புகை விடும், ஏர் ஃபில்டர் ஆயிலில் ஊறிவிடும்.

எது வாங்கினாலும் பெட்ரோல் விஷயத்தில் கவனம் வேண்டும். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், டேங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டரின் ஊசித் துளையில் பிசின் மாதிரி படியும், ரப்பர் குழாயும் விறைத்துவிடும். மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாசனை வந்தால் அது கெட்ட பெட்ரோல். சோக் போட்டு நூறு தடவை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது, கை வலிதான் மிச்சம். தை மாதம் கடைசி வெட்டு முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, அப்புறம் ஸ்டார்ட் செய்து தானாக அணையும்வரை ஓடவிட்டு, அதன் பிறகு எடுத்து வையுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே அடுத்த ஆடியில் என்னைப் போன்ற மெக்கானிக்கைத் தேட வேண்டியிருக்காது.

பிரஷ் கட்டரின் தலைப்பகுதியில் மூன்று விதம் மாட்டலாம். புல்லுக்கு நைலான் கயிறு, தடித்த களைக்கு மூன்று பல் பிளேடு, கருவேலஞ்செடிக்கு ரம்பப் பிளேடு. நைலான் ஒன்றும் செய்யாது என்று மரத்தை ஒட்டி ஓட்டுகிறார்கள், அது தப்பு. இளம் மாங்கன்றின் பட்டையை அது சுற்றி உரித்துவிட்டால் மேலே இலை கொஞ்ச நாள் பச்சையாகவே நிற்கும், பிறகு கன்று பட்டுப்போகும். கன்றைச் சுற்றி ஒரு முழம் கையால் களை எடுங்கள். சொட்டுநீர்ப் பக்கக் குழாய்க்கும் நைலான்தான் எமன், நொடியில் துண்டாகிவிடும். வெட்டும் முன் குழாயை இழுத்து மரத்தடியில் சுருட்டி வைத்துவிடுங்கள். வேலிக் கம்பி பக்கம் போகவே வேண்டாம், மிஷின் தலையில் சுற்றிக்கொண்டு மிஷினையே பிடுங்கும்.

பெரும்பாலான மிஷினில் பிளேடு இடஞ்சுழியாகச் சுற்றும். அதனால் வலமிருந்து இடமாக வீசி வெட்ட வேண்டும், அப்போது வெட்டிய புல் இடப்பக்கம் வரிசையாக விழும், வெட்டாத புல் மேல் விழுந்து சுற்றாது. பிளேடின் வலது முன்பக்கம் கட்டையில் பட்டால் தண்டு மொத்தமும் எதிர்த்து உதைக்கும், ரம்பப் பிளேடு மாட்டியிருக்கும்போது இதை மறக்கவே கூடாது. நம் பக்கத்து மண்ணில் சரளைக்கல் அதிகம், கண்ணாடி போடாமல் தொடாதீர்கள், 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. கம்பூட்ஸ் கல்லுக்கு மட்டுமல்ல, பாம்புக்கும்தான். முதலில் ஒரு கோலால் புல்லைத் தட்டிக்கொண்டு சுற்றி வாருங்கள். பார்த்தீனியம் களை இருந்தால் அதை நைலானில் அடிக்காதீர்கள், சாறு தெறித்துக் கையெல்லாம் தடிக்கும். மழைக்கு மறுநாள், பூக்கும் முன்னே, கையுறை போட்டு வேரோடு பிடுங்கிவிடுங்கள். கோரைப் புல்லுக்கு இந்த மிஷின் எதுவும் மருந்தில்லை, கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, ரோட்டவேட்டர் ஓட்டினால் கிழங்கு சிதறி இன்னும் பரவும். கோரை மண்டிய இடத்தை மட்டும் டிராக்டர்காரரிடம் காட்டி விட்டுவிடச் சொல்லுங்கள். வெட்டிய புல்லை எரிக்காதீர்கள், மரத்தூரில் படாமல் தள்ளிப் பரப்பினால் கோடையில் ஈரம் காக்கும்.

சரி, அடுப்புக்கு வருவோம். அடுப்பில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு, விறகு பச்சை. வெட்டிய புது மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அடுப்பின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போகிறது, அதான் புகை. ஆடியில் கவாத்து செய்த கிளையை ஐப்பசியில் எரித்தால் அப்படித்தான் இருக்கும். ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, மணிக்கட்டுக்கு மேல் தடித்ததைப் பிளந்து, செங்கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கத்தைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். தார்ப்பாயால் மூட்டைகட்டி மூடினால் பூஞ்சைதான் பிடிக்கும். வேலூர் வெயிலை வேறெதற்கும் பாராட்ட முடியாது, விறகு காய வைப்பதற்குத் தாராளமாகப் பாராட்டலாம். இரண்டு துண்டை மோதிப் பாருங்கள், கணீரென்று கேட்டால் காய்ந்தது, மொத்தென்று கேட்டால் இன்னும் இல்லை.

எந்த வகை அடுப்பு என்று நீங்கள் எழுதவில்லை. எல் வடிவ ராக்கெட் அடுப்பு என்றால் வாயை விறகால் அடைக்காதீர்கள். வாய்க்குள் இருக்கும் தட்டுக்கு மேலே விறகு, கீழே காற்று. விரல் தடிமன் சுள்ளி மூன்று நான்கு போதும், எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும். மின்விசிறி வைத்த அடுப்பு என்றால் விறகை முழுசாக நிரப்பி மேலிருந்து பற்றவைக்க வேண்டும், நடுவில் அள்ளிப் போட்டால் புகையும். ஞாயிற்றுக்கிழமை பத்து பேருக்கு பிரியாணி போடுகிற எண்ணம் இருந்தால் இந்த இரண்டும் கொதிக்க வைக்கத்தான் உதவும், தம்முக்கு மூடி மேல் போடத் தணல் வேண்டும், அதற்குக் கொட்டாங்குச்சியைத் தனியாக எரித்துக்கொள்ளுங்கள். அரளிக் குச்சி, பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது. மாசிக்கு மேல் காய்ந்த புல் நடுவே பற்றவைப்பதானால் சுற்றிலும் இரண்டு மீட்டர் செதுக்கி, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். மார்கழிக் குளிருக்கு மோட்டார் ரூமில் படுக்கும்போது அடுப்பைத் தணலோடு உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தவே கூடாது, புகை தெரியாத தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.