கடல் இடப்பக்கம், மலை வலப்பக்கம்: மோட்டார் ஹோமில் வடக்கே போனது பற்றிக் கேள்வி பதில்

போன செப்டம்பரில் நானும் வீட்டுக்காரரும் படுக்கை, சமையல், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் 24 அடி மோட்டார் ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சான் டியாகோவில் கிளம்பினோம். கலிஃபோர்னியா, ஆரிகன் இரண்டையும் கடந்து வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் ஏஞ்சலஸ் வரைக்கும் பசிபிக் கரையை ஒட்டியே போனோம். 31 நாள், சுற்றல்களோடு சேர்த்து 2,100 மைல். எங்களுக்கு இது மூன்றாவது தடவை. அதனால் யாராவது கிளம்பினால் "அக்காவைக் கேளுங்கள்" என்று என் பக்கம் அனுப்பிவிடுகிறார்கள். வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, எல்லாரும் வடக்கிலிருந்து தெற்கே வாருங்கள் என்கிறார்கள். நீங்கள் ஏன் தலைகீழாகப் போனீர்கள்? (ஃப்ரீமாண்ட்)

அவர்கள் சொல்வதும் நியாயம்தான். தெற்கே வந்தால் நம் தடம் கடல் பக்கமாக இருக்கும். காட்சி முனைகளில் வலப்பக்கம் சட்டென்று ஒதுங்கிக்கொள்ளலாம். காற்றும் முதுகில் அடிக்கும். கோடையில் அங்கே வடமேற்குக் காற்றுதான், சைக்கிள்காரர்கள் எல்லாம் தெற்கு நோக்கித்தான் மிதிப்பார்கள்.

ஆனால் எட்டரை அடி அகல வண்டியை ஓட்டுகிறவருக்குக் கணக்கு வேறு. வடக்கே போனால் நமக்கும் பள்ளத்துக்கும் நடுவில் எதிர்த்தடம் முழுசாக இருக்கிறது. வலப்பக்கம் மலை. முதல் தடவை நாங்கள் தெற்கு நோக்கித்தான் வந்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நான் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். காட்சியைப் பார்க்கத்தானே போகிறோம்!

ஒரு நஷ்டம் உண்டு. காட்சி முனைகள் இடப்பக்கம் வரும், எதிரே வருகிற வண்டிகளைக் கடந்து திரும்ப வேண்டும். அதற்காக அவசரப்படாதீர்கள். ஒன்றைத் தவறவிட்டால் இரண்டு மைலில் இன்னொன்று வரும். சின்ன லாபமும் உண்டு: கோல்டன் கேட் பாலத்தில் தெற்கே வருகிறவர்களுக்குத்தான் சுங்கம், வடக்கே போனால் கிடையாது.

சென்னையிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். அப்பா நாற்பது வருடமாக ஓட்டுகிறவர், இந்திய லைசென்ஸ்தான். அவர் ஓட்டலாமா? எவ்வளவு பெரிய வண்டி எடுக்கலாம்? (சான் டியாகோ)

சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சொந்த நாட்டு லைசென்ஸோடு கலிஃபோர்னியாவில் ஓட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது. சர்வதேச அனுமதிச் சீட்டையும் வாங்கி வரச் சொல்லுங்கள், வாடகைக்குக் கொடுப்பவர்கள் கேட்பார்கள். காப்பீட்டில் அவர் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஐயாவை முதல் நாளே மலைப்பாதையில் உட்கார வைக்காதீர்கள். நம் ஊரில் எவ்வளவு ஓட்டியிருந்தாலும் இங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், அதுவும் பின்சக்கரத்துக்கு அப்பால் ஏழெட்டு அடி வால் நீட்டிக்கொண்டிருக்கிற வண்டி. திருப்பத்தில் அந்த வால் எதிர்ப்பக்கம் வீசும். காலியான வாகன நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் பழகட்டும்.

அளவு என்றால் 25 அடிக்குள். 40 அடி வரைக்கும் கலிஃபோர்னியாவில் சாதாரண லைசென்ஸே போதும். சட்டம் விட்டாலும் இந்தச் சாலை விடாது. வட கலிஃபோர்னியாவின் ரெட்வுட் மரக் காட்டில் ஃபெர்ன் கேன்யன் பள்ளத்தாக்குக்குப் போகும் மண்பாதையில் 24 அடிக்கு மேல் வண்டியை விடுவதில்லை. நாங்கள் 24 அடி என்று பிடிவாதம் பிடித்தது அதற்காகத்தான்.

பிக் சர் மலைக்கரை வழியாகப் போகலாமா, அல்லது உள்ளே 101ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாமா? (இர்வைன்)

வண்டி 25 அடிக்குள் இருந்து, சாலையும் திறந்திருந்தால் போங்கள். இரண்டாவதுதான் பெரிய "இருந்தால்". அங்கே மலை கடலுக்குள் சரிந்துகொண்டே இருக்கிறது. 2017 மே மாதம் மட் கிரீக்கில் மலைச்சரிவே இறங்கிச் சாலையை மூடியது. சரிந்த மண்ணின் மேலேயே புதுச் சாலை போட்டு 2018 ஜூலையில்தான் திறந்தார்கள். அதற்கு அப்புறமும் 2021, 2023, 2024 என்று வெவ்வேறு இடத்தில் அறுந்தது. கிளம்பும் அன்று காலையில் மாநிலச் சாலைத் துறையான கால்ட்ரான்ஸின் தளத்தில், அந்தக் கரையோரம் போகும் நெடுஞ்சாலை 1இன் நிலவரத்தைப் பாருங்கள். நடுவில் மூடியிருந்தால் போன வழியே திரும்ப வேண்டும், குறுக்கு வழி அநேகமாகக் கிடையாது.

தெற்கிலிருந்து போகிறவர்கள் கேம்ப்ரியாவில் பெட்ரோலை நிரப்பிவிடுங்கள். சான் சிமியோன் தாண்டியதும் பியட்ராஸ் பிளாங்காஸில் யானை சீல்கள் மூட்டை மூட்டையாகப் படுத்திருக்கும். கட்டணம் இல்லை, பெரிய வண்டி நிறுத்தவும் இடம் இருக்கிறது. அதற்கு மேல் மணிக்கு 25, 30 மைல் வேகம்தான். பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழி விட வேண்டும், கலிஃபோர்னியாவில் அது சட்டமே. நாங்கள் மூன்று வண்டி சேர்ந்தாலே ஒதுங்கிவிடுவோம். பின்னால் வருகிறவன் பல்லைக் கடிப்பது கண்ணாடியில் தெரிந்தால் நமக்கு ஓட்டம் சரியாக வராது.

1932இல் கட்டிய பிக்ஸ்பி பாலத்தில் படம் எடுக்க நிறுத்தலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். காருக்கே இடம் கிடைக்காது.

அந்தப் பகுதியைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே. ஜென்னர் தாண்டியதும் பல இடத்தில் தடுப்பே இல்லை, சில இடத்தில் மாடு நிற்கும். கடைசியில் கடலை விட்டு லெகெட்டுக்கு ஏறும் வழி முழுக்கக் கொண்டைஊசி. அங்கேதான் எங்கள் அலமாரிக் கதவு திறந்து ஒரு பாட்டில் ஆவக்காய் தரையில் விழுந்து சிதறியது. போர்ட் ஏஞ்சலஸ் போய்ச் சேரும்வரைக்கும் வண்டியில் அந்த வாசனை இருந்தது. மனசு ஒப்பவில்லை என்றால் 101இலேயே போய் லெகெட்டைப் பிடியுங்கள், தப்பே இல்லை. அங்கிருந்து கொஞ்சம் வடக்கே "அவென்யூ ஆஃப் த ஜயன்ட்ஸ்" என்று 31 மைல் பழைய சாலை, ரெட்வுட் மரங்களுக்கு நடுவே. அதை மட்டும் விடக்கூடாது.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது அக்கா. கழிவறையில் நமக்குத் தண்ணீர் வேண்டுமே? (டப்ளின், கலிஃபோர்னியா)

இதைத்தான் எல்லாரும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். தாராளமாகச் சொம்பு வைத்துக்கொள்ளுங்கள். கழிவறைக் கழிவு சேரும் பிளாக் டேங்குக்குத் தண்ணீர் நல்லதுதான். காகிதத்தை நிறையப் போட்டுத் தண்ணீரைக் குறைவாக ஊற்றுகிறவர்களுக்குத்தான் அடியில் மேடு கட்டி அடைத்துக்கொள்ளும். ஒரே விஷயம், தொட்டி சீக்கிரம் நிறையும். எங்கள் இருவருக்கு நாலு நாள் வந்தது. நாலு பேர் என்றால் தொட்டியைக் காலி செய்ய இரண்டு நாளைக்கு ஒரு டம்ப் ஸ்டேஷன் என்று திட்டம் போடுங்கள். ஈரத் துடைப்பான்களை மட்டும் உள்ளே போடாதீர்கள், பொட்டலத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

காலி செய்யும்போது முதலில் பிளாக், அப்புறம் பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் சேரும் கிரே. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும். கேம்ப்கிரவுண்டில் கழிவுக் குழாய் இணைப்பே இருந்தாலும் பிளாக் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். தண்ணீர் ஓடிப்போகும், மற்றது தங்கிவிடும். இதற்கு மேல் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். கையுறை இரண்டு ஜோடி. இந்த வேலை என் வீட்டுக்காரருடையது, அதற்குப் பதிலாகப் பாத்திரம் என்னுடையது.

அரிசி களைந்த தண்ணீரையும் கஞ்சியையும் கிரே டேங்கில் விட்டால் மூன்றாம் நாள் நாறும். வாளியில் பிடித்து, கேம்ப்கிரவுண்டில் அதற்கென்று இருக்கும் தொட்டியில் ஊற்றுங்கள். தரையில் கொட்டக் கூடாது.

இட்லி மாவு பொங்குமா? (சான் ஹோசே)

செப்டம்பரிலும் கரையில் பனிமூட்டக் குளிர்தான். மாவுப் பாத்திரத்தை மைக்ரோவேவுக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கதவை மூடிவிடுவேன். காலையில் பொங்கியிருக்கும். கிளம்புவதற்குள் வார்த்துவிட வேண்டும், பொங்கிய மாவோடு வளைவில் போகக்கூடாது. தாளிக்கும்போது கூரை விசிறியைப் போட்டுக் கதவையும் திறந்து வையுங்கள். மிளகாய் கிள்ளிப் போட்டால் புகை அலாரம் கத்தி, பக்கத்து வண்டிக்காரர் ஓடி வந்துவிடுவார். ஒருவர் வந்தார். தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

குளிர்சாதனப் பெட்டி புரொப்பேன் வாயுவில் ஓடுகிற பழைய வகை என்றால் வண்டி சமமாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் குளிராது, பெட்டியும் கெடும்.

முக்கியமான ஒன்று. தோட்டத்துக் கறிவேப்பிலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிற ஒரு சிறு பூச்சி அதிலும் தங்கும். தென் கலிஃபோர்னியாவின் பெரும்பகுதி இதற்கான தடை எல்லைக்குள் இருக்கிறது, இலையை எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. நான் வீட்டிலேயே பருப்புப்பொடியில் சேர்த்து அரைத்துக்கொண்டு போனேன்.

எங்கே தங்கினீர்கள்? வழியில் நிறுத்தித் தூங்கலாமா? (சாக்ரமென்டோ)

மாநிலப் பூங்காக்கள்தான் அருமை. கலிஃபோர்னியாவிலும் ஆரிகனிலும் ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறக்கும், கடலோர இடங்கள் அன்றைக்கே போய்விடும். ஞாயிறு முதல் வியாழன் வரை பூங்காக்களிலும், வெள்ளி சனி இந்த மாதிரி வண்டிகள் தங்கும் தனியார் ஆர்.வி. பார்க்குகளிலும் என்று நாங்கள் பிரித்துக்கொண்டோம். சாலையோர ஓய்விடங்களில் கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டனிலும் 8 மணி நேரம், ஆரிகனில் 12 மணி நேரம் நிற்கலாம். பக்கத்திலேயே லாரிகள் உறுமும். காது மந்தமானவர்களுக்குச் சரி.

எந்தப் பகுதி உங்களுக்குப் பிடித்தது? ஒன்றுதான் சொல்ல வேண்டும். (சியாட்டில்)

ஆரிகன். யோசிக்கவே வேண்டாம்.

கலிஃபோர்னியாவில் கடலை மேலிருந்து பார்க்கிறோம், ஆரிகனில் கடலிடம் இறங்கிப் போகிறோம். அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1913இல் ஆஸ்வால்ட் வெஸ்ட் என்ற ஆளுநர், ஈர மணல் முழுவதையும் பொது நெடுஞ்சாலை என்று சட்டம் கொண்டுவந்தார். அன்றைக்கு அங்கே வண்டிகள் உண்மையிலேயே கரை மணலில்தான் போயின. அப்புறம் 1960களில் ஒரு விடுதி, காய்ந்த மணல் எங்களுடையது என்று வேலி போட்டது. ஊரே கொதித்தது. 1967இல் காய்ந்த மணலிலும் மக்களுக்கு உரிமை என்று சட்டம் வந்தது. அதனால் சுமார் 360 மைல் கரையில் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். மெரினாவில் வளர்ந்தவளுக்கு இதன் அருமை புரியும்.

டிப்போ பே ஊரில் சாலைச் சுவரில் சாய்ந்துகொண்டே திமிங்கிலம் பார்த்தோம். கோடையில் சாம்பல் திமிங்கிலங்களில் ஒரு கூட்டம் அலாஸ்கா போகாமல் அங்கேயே தங்கிவிடும். நியூபோர்ட்டில் 1936இல் கட்டிய யக்வினா பே பாலத்தடியில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அஸ்டோரியா. அங்கே கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தில் நாலு மைலுக்கு மேல் நீளமான பாலம். அதில் எதிர்க்காற்று போய்ப் பக்கக் காற்று வந்தது, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வாஷிங்டனுக்குள் நுழைந்தோம்.

பெட்ரோல் எவ்வளவு குடித்தது? (டல்லஸ்)

காலனுக்கு ஏழரை மைல். 2,100 மைலுக்கு 280 காலன். கலிஃபோர்னியாவில் விலை அதிகம், எல்லை தாண்டும்வரை பாதித் தொட்டியோடு சமாளித்தோம். வாடகையில் மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் மணிக்கு இவ்வளவு, வேறு ஊரில் விடுவதற்கு இவ்வளவு என்று மூன்று தனிக் கணக்கு இருக்கும். கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்.

நான் நாகப்பட்டினத்துக்காரன். ஆரிகன் கரை முழுக்கச் சுனாமிப் பலகை இருக்கிறதாமே. கரையில் படுத்தால் தூக்கம் வருமா? (போர்ட்லண்ட்)

தம்பி, உங்கள் கேள்வி புரிகிறது. ஆபத்து உண்மைதான். அந்தக் கரைக்கு எதிரே கடலடியில் கஸ்காடியா பிளவு இருக்கிறது. கடைசியாக அது பெரிதாக உடைந்தது 1700 ஜனவரி 26. தேதி இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் ஜப்பான்காரர்கள். தங்கள் ஊரில் நிலம் ஆடாமலே கடல் ஏறி வந்ததை அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். வாஷிங்டனில் கோபாலிஸ் ஆற்றங்கரையில் அன்றைக்குத் தாழ்ந்துபோய் உப்புநீரில் செத்த சீடார் மரங்கள் இன்னும் நிற்கின்றன.

நாங்கள் செய்தது இதுதான். ஒவ்வொரு ஊரிலும் வண்டியை நிறுத்தியதும், இருட்டுவதற்குள் ஏறுபாதைப் பலகை காட்டும் மேட்டுக்கு ஒரு நடை நடந்து பார்த்துவிடுவோம். நிலம் பலமாக ஆடினால் சங்கு ஊதும் வரை காத்திருக்கக் கூடாது. வண்டியை விட்டுவிட்டு நடந்து ஏற வேண்டும். அந்த நடை முடிந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். மேடான இடத்தில் இருக்கும் பூங்காக்களும் உண்டு, மனம் கேட்காவிட்டால் அவற்றில் தங்குங்கள்.

சுனாமியைவிட நடைமுறையில் ஆளை இழுப்பது திடீர்ப் பேரலைதான். கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள். கரையில் கிடக்கும் பெரிய மரக்கட்டைகள் மேல் பிள்ளைகளை ஏற விடாதீர்கள், ஒரு சாண் தண்ணீர் வந்தாலே அவை உருளும்.

அக்கா, நாங்கள் டொராண்டோவில இருந்து வாறம். போர்ட் ஏஞ்சலஸ்ல இருந்து அப்படியே வான்கூவருக்குப் போகேலுமோ?

போகலாம் தங்கச்சி. போர்ட் ஏஞ்சலஸிலிருந்து விக்டோரியாவுக்குக் கப்பல், ஒன்றரை மணி நேரம். விக்டோரியா பக்கத்தில் ஸ்வார்ட்ஸ் பேயிலிருந்து வான்கூவர் கரைக்கு இன்னொரு கப்பல். மோட்டார் ஹோம் ஏறும், கட்டணம் நீளத்தைப் பொறுத்தது. புரொப்பேனை மூடிவிட வேண்டும். வண்டியைக் கனடாவுக்குக் கொண்டுபோக வாடகைக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எல்லையில் சாப்பாட்டுச் சாமானை ஒளிக்காமல் சொல்லுங்கள், கருவாடு உட்பட.

பத்து நாள்தான் விடுமுறை, எட்டும் ஐந்துமாக இரண்டு பிள்ளைகள். முழுசும் முடியுமா? (மவுன்டன் வியூ)

முடியாது, முயலவும் வேண்டாம். ஒரு நாளைக்கு 150 மைலுக்கு மேல் போனால் அது சரக்கு லாரி வேலை. சான் பிரான்சிஸ்கோவில் வண்டி எடுத்து 101இல் நேரே ரெட்வுட் காடு, அங்கே இரண்டு இரவு. பிறகு ஆரிகன் கரை, அஸ்டோரியா, போர்ட்லண்டில் வண்டியை விட்டுவிடுங்கள். ஏறக்குறைய 830 மைல். வாஷிங்டனின் ஒலிம்பிக் தீபகற்பத்துக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும். அங்கே இருக்கும் ஹோ மழைக்காட்டை அரை நாளில் பார்த்துவிட்டு ஓடினால் நனைந்ததுதான் மிச்சம்.

31 நாள் ஒரே பெட்டிக்குள். சண்டை வரவில்லையா? (அட்லான்டா)

வந்தது. எல்லாமே வண்டியைப் பின்னால் எடுக்கும்போது. நான் பின்னால் நின்று "வா வா" என்பேன், அவருக்குக் காது கேட்காது, மரத்தில் இடிப்பார், குற்றம் என் மேல். மூன்றாம் நாள் ஒரு ஒப்பந்தம் போட்டோம்: வாயால் பேச்சு இல்லை, போனில்தான் பேச வேண்டும், என் முகம் அவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் வண்டி நகரக் கூடாது. அதற்கப்புறம் ஒரு மரத்தில்தான் இடித்தார்.