தந்தையாரின் மெட்டல் டிடெக்டர்கள்: விற்பதற்கு முன்

தந்தையார் விட்டுச்சென்ற, மண்ணில் புதைந்த உலோகப் பொருள்களைத் தேட உதவும் இரண்டு மெட்டல் டிடெக்டர்களை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று கேட்டிருந்தீர்கள். தங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள். முதலில் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள், ஏனெனில் நெடுநாள் உள்ளேயே கிடக்கும் ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசியும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு உலோக இணைப்புகளை அரித்துவிடும். பிறகு புதியவற்றைப் போட்டு, வெளியே மண்தரையில் வைத்த நாணயத்தின்மேல், கருவியின் கீழ்முனையிலுள்ள தட்டையான தேடுசுருளை அசைத்துப் பாருங்கள். தெளிவான ஒலி எழுந்தால், கருவி இயங்குகிறது என்று வாங்குபவரிடம் நேர்மையாகச் சொல்லலாம்.

கருவிகளைவிட எனக்குக் கவலை தருபவை அவர் கண்டெடுத்த பொருள்களும் எழுதிவைத்த குறிப்பேடுகளும்தாம். எங்கே, எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்ற விவரம் பிரிந்துவிட்டால், பழம்பொருளின் வரலாற்று மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பத்திரப்படுத்துங்கள். கண்டெடுத்த பொருள்களைத் தேய்த்துத் துலக்க வேண்டாம். அவற்றை விற்க நினைத்தால், முன்னதாக உங்கள் நாட்டின் தொல்பொருள் சட்டத்தைப் பாருங்கள். கருவிகளை விற்க அவசரமில்லை. சட்டம் இடந்தந்தால், நில உரிமையாளரின் அனுமதியோடு ஒருமுறை நீங்களே தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.