சைலன்சர் சூட்டில் மின்சாரம் எடுக்கலாமா?

கேள்வி: பைக்கிலிருந்து இறங்கும்போது சைலன்சர் பட்டுக் கெண்டைக்கால் கொப்பளித்துவிட்டது. வெப்பத்தை நேரடியாக மின்சாரமாக்கும் சில்லுகள் இருக்கும்போது, இவ்வளவு சூட்டை ஏன் காற்றில் விடுகிறோம்?
– கல்லூரி மாணவி, தேனி

பதில்: மருந்து போட்டிருப்பீர்கள் என நம்புகிறேன். மின்சாரம் எடுக்கலாம், ஆனால் கால் சுட்ட வேகத்துக்கு வராது.

இரு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஓர் இணைப்பை மட்டும் சூடாக்கினால், அருகிலுள்ள காந்த ஊசி திரும்புவதை 1821-இல் ஜெர்மன் இயற்பியலாளர் சீபெக் கண்டார். அதை அவர் காந்த விளைவு என்றே எண்ணினார். உண்மையில் அங்கே ஓடியது மின்னோட்டம். இன்றைய சில்லுகளில் உலோகத்துக்குப் பதில் பிஸ்மத் டெலுரைடு போன்ற குறைக்கடத்திகள் இருக்கின்றன.

சிறிய கார்-குளிர்பெட்டிகளில் இருக்கும் பெல்டியர் சில்லு இதே இனம்தான். 4 செ.மீ. சதுரம், உள்ளே 127 குறைக்கடத்தி ஜோடிகள், வெளியே சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள். அதைப் பனிக்கட்டி மீது வைத்த அலுமினியத் தகட்டில் கிடத்தி, மேலே வெந்நீர் டம்ளரை வைத்தேன்; ஒயரில் இணைத்திருந்த பொம்மை விசிறி சுழன்றது. பனிக்கட்டி கரையக் கரையத் தளர்ந்து நின்றுவிட்டது. அப்போதும் டம்ளரைத் தொட முடியாத சூடுதான். ஆக, மின்சாரம் தருவது சூடு மட்டுமல்ல, இரு பக்கங்களுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு. ஒரு ஜோடி 1 டிகிரி வேறுபாட்டுக்குச் சுமார் 0.4 மில்லிவோல்ட்தான் தரும்.

வண்டியில் சிக்கலே இந்தக் குளிர்ந்த பக்கம்தான். அதைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாயும் கூடுதல் ரேடியேட்டரும் வேண்டும், எடை ஏறும். புகையின் சூட்டை உறிஞ்சக் குழாய்க்குள் தகடுகளை அடுக்கினால் புகை வெளியேறத் திணறி, என்ஜின் கூடுதலாக உழைக்கும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வேலை செய்யவும் சூடு வேண்டுமாதலால், சில்லுகளை அதற்குப் பின்னால்தான் வைக்க முடியும். பிஸ்மத் டெலுரைடோ ஏறத்தாழ 250 டிகிரிக்கு மேல் தாங்காது.

தோராயமாக ஒரு கணக்குப் போடுவோம். எரிபொருளின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு புகையோடு போகிறது. ஒரு காரில் அது 15 கிலோவாட் என்றும், அதில் பாதியைச் சில்லுகளுக்குள் செலுத்த முடிகிறது என்றும், அவற்றின் திறன் 5 சதவீதம் என்றும் கொண்டால், கைக்கு வருவது 375 வாட். பி.எம்.டபிள்யூ, ஃபோர்டு நிறுவனங்களின் சோதனைக் கார்களிலும் பேச்சு சில நூறு வாட் அளவில்தான் இருந்தது. என்ஜின் சுழற்றி மின்சாரம் எடுக்கும் ஆல்டர்னேட்டரின் சுமை குறையும், கொஞ்சம் பெட்ரோல் மிச்சமாகும். சில்லுகளின் விலைக்கு அது கட்டுப்படியாகவில்லை. 1977-இல் ஏவிய வாயேஜர் விண்கலங்கள் இதே முறையில்தான் இன்னும் இயங்குகின்றன. அங்கே பழுதுபார்க்க ஆளில்லை, அசையும் பாகமில்லாத கருவிக்கு என்ன விலையும் தகும்.

கேள்வி: ரேடியேட்டர் சூட்டையாவது பயன்படுத்தலாமே?
– வாகன மெக்கானிக், ஈரோடு

பதில்: அந்தத் தண்ணீர் சுமார் 90 டிகிரிதான். வெளிக்காற்று 40 டிகிரியாக இருக்கும் நாளில், எந்த இயந்திரமும் அந்த வேறுபாட்டிலிருந்து 14 சதவீதத்துக்கு மேல் வேலை வாங்க முடியாது; இந்தச் சில்லுகளுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தாலே அதிகம். குளிர்நாடுகளில் அந்தத் தண்ணீரைக் காருக்குள் இருக்கும் ஹீட்டருக்குத் திருப்பி, சூட்டைச் சூடாகவே பயன்படுத்திக்கொள்கிறார்கள்.