கண்ணாடியில் மாட்டிய ஹெல்மெட்

கேள்வி: மட்டக்களப்பு டவுனில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, பத்து நிமிடத்தில் வந்து பார்த்தால் கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைக் காணவில்லை. இனி என்ன செய்யலாம்?
- வாசகர், கல்லடி

பதில்: கண்ணாடியில் மாட்டுவதை முதலில் விடுங்கள், போகிற போக்கில் யாரும் எடுத்துவிடலாம். பல பைக்குகளில் சீட்டுக்குக் கீழே சின்னக் கொளுக்கி இருக்கும், நிறையப் பேர் அதைக் கவனிப்பதே இல்லை. நாடாவின் இரும்பு வளையத்தை அதில் கொழுவிச் சீட்டை அமர்த்திப் பூட்டினால் சரி, ஆனால் சைலன்சரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாடாவை பிளேடால் அறுத்துவிட முடியும் என்பதால், முகத்தை முழுதாக மூடும் ஹெல்மெட் என்றால் தாடைப் பக்கத்துக்குள்ளாலும் சில்லுக்குள்ளாலும் ஒரு கம்பிப் பூட்டை விட்டுப் பூட்டுவதுதான் எனக்குப் பிடித்த வழி. மார்கழி மழையில் வெளியே விட்டால் உள்துணி ஊறிவிடும், அப்போது கையோடு கொண்டுபோங்கள்.

அப்புறம், தொலைந்ததற்குப் பதிலாக மலிவாகப் பழையது வாங்க வேண்டாம். ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டின் உள் நுரை நசுங்கியிருந்தாலும் வெளியே தெரியாது. எஸ்எல்எஸ் என்ற இலங்கைத் தர முத்திரை பார்த்துப் புதிதாகவே வாங்குங்கள்.