அமெரிக்க பேஸ்பால் லீக்கில் சீசன் முழுக்க 162 ஆட்டங்கள் ஆடி முதலிடம் பிடித்த அணி, அதற்குப் பிறகு பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளில் சட்டென்று வெளியேறுவது நியாயமா?

நியாயமில்லை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது, ஆனால் கோளாறு பிளேஆஃபுக்குள் 12 அணிகளை விடுவதில் இல்லை, தொடரின் நீளத்தில் இருக்கிறது.

2022-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி 111 ஆட்டங்களில் வென்றது. அப்புறம் ஐந்து ஆட்டத் தொடரில் (முதலில் மூன்று ஆட்டம் வெல்லும் அணிக்கே தொடர்) சான் டியாகோ பாட்ரேஸ் அணியிடம் 3-1 என்று தோற்று வீட்டுக்குப் போனது. அடுத்த வருடம் 100 வெற்றிகளோடு வந்த அதே டாட்ஜர்ஸை, வெறும் 84 ஆட்டங்களில் வென்றிருந்த அரிசோனா 3-0 என்று துடைத்துவிட்டு இறுதிச் சுற்றான உலகத் தொடர் வரைக்கும் போய்விட்டது. இந்த விளையாட்டில் மிக நல்ல அணிகூட பத்தில் மூன்று நான்கு ஆட்டங்களைத் தோற்கும், அதனால் நான்கைந்து ஆட்டங்களை வைத்து யார் சிறந்தவர் என்று சொல்லவே முடியாது. போதாததற்கு, சீசன் முழுக்க ஐந்து பிட்ச்சர்கள் (பந்து வீசுபவர்கள்) மாறி மாறி ஆட்டத்தைத் தொடங்குவார்கள், குறுகிய தொடரிலோ இரண்டு அருமையான பிட்ச்சர்கள் இருந்தாலே பலவீனமான அணியும் பிழைத்துவிடும்.

சரி, பிரிவில் முதலிடம் பிடித்த அணிகள் மட்டும் பிளேஆஃபுக்குள் நுழைந்த பழைய முறைக்கே போகலாமா? வேண்டாம். 1993-இல் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் 103 ஆட்டங்களில் வென்றும் பிளேஆஃபுக்குள்ளேயே நுழைய முடியவில்லை, அதே பிரிவில் அட்லாண்டா 104-இல் வென்றிருந்தது. அது இதைவிடக் கொடுமை. ஐந்து ஆட்டச் சுற்றை ஏழாக்கினாலே போதும் என்பேன்.

2001-இல் 116 வெற்றி பெற்ற சியாட்டில் ஏழு ஆட்டத் தொடரில்தான் நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் தோற்றது, உண்மைதான். ஆனால் அந்தத் தோல்வியை ஏற்றுக்கொள்ள முடிகிறது.