பனியோடு ஜல்லியும் போகிறதே!

கேள்வி: வாசலிலிருந்து ரோடு வரை ஜல்லி போட்ட பாதை. சின்ன டிராக்டரின் பின்னால் பிளேடு மாட்டித்தான் பனியைத் தள்ளுகிறேன். ஒவ்வொரு தடவையும் பனியோடு ஜல்லியும் புல்தரைக்குப் போய்விடுகிறது. ஆழமாக வழிக்காமல் விட்டால் கார் வழுக்குமோ என்று பயம். என்ன செய்யலாம்?

பதில்: அந்தப் பயத்தில் நீங்கள் தரை தெரியும் வரை வழிக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் கோளாறு. தார் ரோட்டுக்கு அது சரி, ஜல்லிக்கு ஒத்துவராது. சீசனின் முதல் பனியைத் தள்ளவே தள்ளாதீர்கள். ரொம்பக் கொட்டிவிடவில்லை என்றால், அதன் மேலேயே நாலைந்து முறை வண்டியை ஓட்டி மிதித்துவிடுங்கள். அது ஓரிரு அங்குலத்துக்கு இறுகி உறைந்தால் ஜல்லிக்கு மேல் ஒரு மூடி மாதிரி ஆகிவிடும், அப்புறம் விழுவதை அந்த மூடிக்கு மேலாகத் தள்ளினால் போதும். தரை உறையாமல் மண் இளகிக் கிடக்கும்போதுதான் பிளேடு கல்லைக் கவ்வும், அந்த நாட்களில் அவசரமில்லை என்றால் கை வைக்காமல் இருப்பதே மேல்.

அடுத்தது பிளேடு. இரண்டு ஓரத்திலும் ஷூ, அதாவது பிளேடைத் தாங்கித் தரையில் சறுக்கும் பாதம், இருந்தால், விளிம்பு தரையிலிருந்து அரை முதல் ஒரு அங்குலம் மேலே நிற்கும்படி அதை இறக்கி வையுங்கள். ஷூ இல்லையா? பிளேடை அப்படியே பின்பக்கமாகத் திருப்பி, புடைத்த முதுகுப் பக்கத்தால் இழுத்துப் பாருங்கள், கூர் விளிம்பு மாதிரி அது தோண்டாது. இன்னொரு பழைய கைவேலையும் உண்டு: இரும்புக் குழாயை நீளவாக்கில் பிளந்து விளிம்பில் செருகி போல்ட் போட்டுவிடுவது. உருண்டையான விளிம்பு கல்லைக் கவ்வாமல் மேலாக ஏறிப் போகும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

வழுக்கும் இடத்தில் உப்பு வேண்டாம். பனியோடு நீங்கள் கஷ்டப்பட்டு இறுக்கிய மூடியும் உருகி, அடியில் சேறாகிவிடும். மணல் தூவுங்கள்.

பனியை அள்ளித் தூர வீசும் ஸ்னோ ப்ளோவர் இயந்திரம் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சுழலும் பகுதி தரையைத் தொட்டபடி ஓடும் சின்ன வகை மட்டும் வேண்டாம், கல்லை அள்ளி ஜன்னல் பக்கம் வீசும். ஷூவை இறக்கி, சுழலும் பகுதியைத் தரைக்கு மேலே நிறுத்த முடிகிற பெரிய வகை என்றால் பரவாயில்லை, அப்போதும் எதிரே ஆளோ காரோ நிற்கக் கூடாது.

என்ன செய்தாலும் கொஞ்சம் ஜல்லி புல்லுக்குப் போகத்தான் செய்யும். பனி உருகியதும், புல் வளர்வதற்குள் வாரி எடுத்துப் பாதையிலேயே போட்டுவிடுங்கள்.