டிரைவர் காட்டும் 'அரசாங்கக் கடை'

கேள்வி: அம்மாவோடு இரண்டு நாள் ஜெய்ப்பூர் போகிறோம். அம்மாவுக்கு மரகத மோதிரமும் வீட்டுக்கு அச்சுப் பெட்ஷீட்டும் வாங்க ஆசை. கார் டிரைவர் அரசாங்கக் கடைக்கே கூட்டிப் போவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். ராஜஸ்தான் அரசின் கைவினைக் கடைக்குப் பெயர் ராஜஸ்தலி. எம்.ஐ. ரோட்டில் இருக்கிறது. ஆம்பேர் கோட்டைக்குப் போகும் வழியில் டிரைவர்கள் நிறுத்துவது தனியார் ஷோரூம்களில்தான். கீழே துணியில் அச்சுக் குத்திக் காட்டுவார்கள், டீ வரும், அப்புறம் மாடிக்கு அழைப்பார்கள். டிரைவருக்குப் போகும் கமிஷனும் உங்கள் பில்லில்தான் ஏறும். 'அரசு அங்கீகாரம்' என்று கண்டவரெல்லாம் போர்டு மாட்டுகிறார்கள். இதைத் தட்டிக் கேட்கத்தானே சுற்றுலாத் துறை இருக்கிறது?

ஜெய்ப்பூர் மரகதம் பட்டை தீட்டுவதில் பேர்போன ஊர்தான். ஆனால் மரகதத்தில் இயல்பாகவே கீறல் இருக்கும். எண்ணெயோ பிசினோ ஏற்றி அதை மறைத்தால் கடை விளக்கில் ஜொலிக்கும். கடைக்காரர் நீட்டும் சான்றிதழ் போதாது. ஊரிலேயே ரத்தினப் பரிசோதனைக் கூடம் உண்டு. "அங்கே சோதித்த பிறகு பணம் தருகிறேன்" என்று சொல்லுங்கள். அவர் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். பில்லில் 'இயற்கை மரகதம்' என்றும் எடை எவ்வளவு என்றும் எழுதியிருக்க வேண்டும்.

பெட்ஷீட்டுக்கு மட்டும் டிரைவர் தேவைப்படுவார். அச்சுப் பட்டறைகள் இருக்கும் சாங்கானேர், விமான நிலையத்தையும் தாண்டி இருக்கிறது. ஊர் பெயரை நீங்களே சொல்லுங்கள், அவர் நிறுத்தும் முதல் கடைக்குள் நுழையாதீர்கள். அவரைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, நடந்து போய் நாலு பட்டறை பாருங்கள். துணியை விரித்து ஒரே பூவை வரிசையாகக் கவனியுங்கள். கையால் குத்தியது என்றால் அச்சு சேரும் இடத்தில் கோடு லேசாக விலகும், சாயம் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். எல்லாப் பூவும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால் அது ஸ்கிரீன் பிரிண்ட். அதற்குக் கையச்சு விலை கொடுக்காதீர்கள்.

ஆம்பேர், ஹவா மஹால், ஜந்தர் மந்தருக்குக் கூட்டு டிக்கெட் எடுங்கள். சிட்டி பேலஸுக்குத் தனி டிக்கெட். ஆம்பேர் ஏற்றத்துக்கு அம்மாவை ஜீப்பில் ஏற்றுங்கள். காலையில் சூடான வெங்காயக் கச்சோரி, ஜோஹரி பஜாரில் கேவர் இனிப்பு, இரண்டையும் விடாதீர்கள். பருப்பு, சுட்ட கோதுமை உருண்டை, இனிப்புப் பொடி மூன்றும் சேர்ந்த 'தால் பாட்டி சூர்மா'வில் நெய் மிதக்கும். அதை மதியத்தில் சாப்பிடுங்கள், இரவில் வேண்டாம்.